ஜன்னல் வழியே போகும் சூடு எவ்வளவு?

மார்கழி, தை வந்தால் பிலிமத்தலாவைப் பக்கத்து லயங்களில் ஜன்னலைச் சாக்கு வைத்து அடைப்பதைப் பார்க்கிறோம். "குளிரு அந்த வழியாத்தானே வருது!" என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீற்றர் வழியே எத்தனை வாட்ஸ் சூடு வெளியேறுகிறது? இதைத்தான் 'யூ மதிப்பு' என்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 6. குளிர் நாடுகளின் இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 3. இடையில் அடைபட்ட காற்றுதான் அங்கே போர்வை.

நம்ம ஜன்னல் 2 அடிக்கு 3 அடி என்று வைப்போம். அரைச் சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. வித்தியாசம் 5 பாகை என்றால் 17 வாட்ஸ் போகும். ஒரு சின்ன பல்பு அளவு. இனி தலைக்கு மேலே பாருங்க. 10க்கு 12 அடிக் காம்பராவின் வெறும் தகரம் 11 சதுர மீற்றர், மதிப்பு சுமார் 7. ஏறக்குறைய 385 வாட்ஸ்!

இந்தக் கணக்கில் இடுக்குகள் சேரவில்லை. காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோங்க. புகை ஆடும் இடத்தில் மட்டும் துணியைத் திணித்தால் போதும். கூரைக்குக் கீழே சீலிங் போட முடிந்தவர்கள் முதலில் அதைச் செய்யட்டும். அடுப்புக்கு மேலே மட்டும் சாக்கோ துணியோ கட்ட வேண்டாம், தீப்பிடிக்கும்.

விறகு எரியும்போது எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் திறந்தே இருக்கணும். 17 வாட்ஸுக்காகப் பிள்ளைகள் புகையைக் குடிக்க வேண்டாம்.