‘செக்ரட்டேரியட்’டும் செஞ்சிக் குதிரையும்

‘செக்ரட்டேரியட்’னு பேரைக் கேட்டதும், கோட்டை அரசியல் படம்னு நினைச்சேன் பாஸ்! விழுப்புரம் ரூம்ல ரெண்டு அரியர் சோகத்துல கிடந்தவனுக்கு, நண்பன் போட்டுக்காட்டின 2010 டிஸ்னி படம். நிஜக் கதை. 1973 பெல்மான்ட் ரேஸில் அந்தச் செம்பழுப்புக் குதிரை ஜெயிக்கிறப்போ, அடுத்த குதிரை 31 குதிரை நீளம் பின்னாடி! 2 நிமிஷம் 24 செகண்ட்... ரெக்கார்டு இன்னும் உடையலை.

வாரக் கடைசியில் திண்டிவனம் வீட்டுக்குப் போய் ஆயாகிட்ட கதை சொன்னேன். ‘‘நம்ம செஞ்சி தேசிங்கு ராஜா குதிரையை விடவா?’’ன்னாங்க. யோசிச்சேன். 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோட மோதி, சின்ன வயசுலேயே உயிரை விட்டவர் தேசிங்கு. தோத்தவர்தான். ஆனாலும், குதிரையோட சேர்த்துக் கதைப்பாடல் ஆனார், 1960-ல் எம்.ஜி.ஆர். படமும் ஆனார்.

ஜெயிச்ச குதிரைக்கு ஹாலிவுட் படம் எடுக்குது. துணிஞ்சு தோத்தவனையும் நம்ம மண்ணு பாடுது. ரெண்டு அரியர்தானே... மறுபடி ஓடிப் பார்த்துடுவோம்!