வீட்டுக்குள் வரும் சிகிச்சை: சோதிப்பவர் யார்?

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைக் கவனிக்கப் பல கண்கள் உண்டு. டாக்டர் வருகிறார், தலைமை நர்ஸ் வருகிறார், பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கூட ஒரு பார்வை பார்த்துப் போகிறார். அதே நோயாளி வீடு திரும்பி உள்ளறையில் படுத்துவிட்டால் அந்தக் கண்கள் யாவும் அகன்றுவிடுகின்றன. கூலிக்கு அமர்த்திய ஓர் ஊழியரும், வாய் திறந்து குறை சொல்ல வலுவற்ற ஒரு முதியவருமே அங்கே மிஞ்சுகிறார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது நன்றா, தீதா என்று சோதிக்கும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு நம் பார்லிமெண்டு இன்னும் நேரான பதில் அளிக்கவில்லை என்பதை வருத்தத்துடன் எடுத்துக்காட்டுகிறோம்.

அடையாற்றின் முகத்துவாரத்தை அடுத்து, ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கி விளங்கும் ராஜா அண்ணாமலைபுரத்தைப் பாருங்கள். தனி வீடுகள் நின்ற மனைகளில் இன்று அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் கடல் கடந்து உத்தியோகம் பார்க்க, பெற்றோர் மட்டும் இங்கே தங்கியுள்ள குடும்பங்கள் பல. இவர்களுக்காக 'ஹோம் நர்ஸ்' என்றும் 'அட்டெண்டர்' என்றும் ஆட்களை அனுப்பும் ஏஜென்ஸிகள் தோன்றியிருக்கின்றன. டெலிபோனில் ஒரு வார்த்தை சொன்னால், மறுநாள் காலை கைப்பையுடன் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அவர் யார், என்ன படித்தவர், இதற்கு முன் யாரைக் கவனித்தார் என்று கேட்போர் சிலர்; கேட்டுச் சரிபார்ப்போர் மிகச் சிலர்.

இது பணக்காரப் பேட்டையின் கவலை என்று ஒதுக்குவது தவறாகும். 2011-ஆம் வருஷ ஜனக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031-இல் இது நூற்றுக்குப் பதினெட்டை எட்டும் என்று மத்திய சர்க்காரின் உத்தேசக் கணக்கு கூறுகிறது. இன்று ராஜா அண்ணாமலைபுரத்தின் பிரச்னை, நாளை தஞ்சாவூரின் பிரச்னை. மறுநாள் திருநெல்வேலியின் பிரச்னை.

அபாயம் எங்கே இருக்கிறது? திருட்டைப் பற்றியே எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் அதைவிடக் கொடியவை சத்தமில்லாமல் வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் உண்டாகிறது. மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவரைத் தலை உயர்த்தாமல் படுக்கவைத்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் புகுந்துவிடலாம். சாப்பிட மறுத்த நீரிழிவு நோயாளிக்கு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இவை யாவும் துர்க்குணத்தால் விளைபவை அல்ல. பயிற்சி இல்லாமையாலும், மேற்பார்வை இல்லாமையாலும் விளைபவை.

நர்ஸ் வேறு, உதவியாள் வேறு என்பதையும் ஜனங்கள் அறிய வேண்டும். நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவேடு வைக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-ஆம் வருஷமே வந்துவிட்டது. முறைப்படி தேறிய நர்ஸுக்குக் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. கேட்டால் காட்டக் கடமைப்பட்டவர். அந்த எண் இல்லாதவர் நோயாளியைக் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், நடத்திச் செல்லலாம். அவர் கையில் ஊசியைக் கொடுப்பது குற்றத்துக்கு ஒப்பாகும். வெள்ளைச் சட்டை அணிந்தவர் எல்லோரும் நர்ஸ் ஆகிவிட மாட்டார்கள்.

சட்டத்தின் நிலைமை என்ன? முதுமையில் உதவி பெறும் உரிமைக்கு ராஜ்யம் வகை செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 41-ஆவது ஷரத்து வழிகாட்டுகிறது. 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் ஜீவனாம்சச் சட்டம் நிறைவேறியது. அது பிள்ளைகளின் கடமையைப் பேசுகிறது. முதியோர் இல்லங்களைப் பேசுகிறது. வீடு தேடி வரும் சேவையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இக்குறையைத் தீர்க்க 2019 டிசம்பரில் லோக சபையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. வீட்டுப் பராமரிப்பு ஸ்தாபனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறைந்தபட்சத் தரத்தைக் காக்க வேண்டும் என்பன அதன் அம்சங்கள். மசோதா கமிட்டிக்குச் சென்றது, கமிட்டியும் ஆராய்ந்தது. ஆனால் 2024-இல் சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. நாலரை வருஷம் கிடந்த மசோதாவுக்காக ஒரு கண்டனக் கூட்டமாவது நடந்ததா? முதியோர் ஊர்வலம் போக மாட்டார்கள். ஆகையால் அவர்கள் மசோதா அவசரமற்றதாகிவிட்டது.

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2008-ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட பராமரிப்புத் தரக் கமிஷனிடம், வீட்டுக்குச் சென்று உடற்பராமரிப்புச் செய்யும் ஸ்தாபனங்கள் பதிவு செய்தாக வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் கணக்குகளைப் பார்க்கிறார்கள். சேவை பெறுவோரிடம் பேசுகிறார்கள். தரத்தை யாவரும் அறிய வெளியிடுகிறார்கள். அங்கும் குறையில்லாமல் இல்லை. அக்கமிஷன் பல இடங்களை ஒருமுறைகூட மதிப்பிடவில்லை என்று 2024-இல் அந்நாட்டு சர்க்கார் அமைத்த விசாரணையே கண்டித்தது. ஆகவே, சட்டம் இயற்றி ஓர் ஆபீஸைத் திறந்துவிட்டால் போதாது. கட்டிலருகே வந்து பாராத சோதனை காகிதச் சோதனையே.

நம் நாட்டில் இதற்கு ஆள் எங்கே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மருந்து கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் நடக்கின்றன. ஏற்கெனவே வாசற்படி ஏறும் அந்தக் கால்களுக்கு இன்னொரு கடமையையும் கொடுக்கலாம். கூலிக்கு ஆள் வைத்துள்ள வீட்டில் நோயாளியின் முதுகைப் பார்த்து, மருந்துக் குறிப்பைப் பார்த்து, அவருடன் தனியே பத்து நிமிஷம் பேசிவிட்டு வரட்டும். அதற்கு வேண்டிய ஆட்களையும் சம்பளத்தையும் சர்க்கார் கூட்டித் தர வேண்டும்.

அதுவரையில் குடும்பத்தார் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீட்டு வேலையாட்களின் பூர்வோத்தரத்தை விசாரித்துத் தரத் தமிழ்நாடு போலீஸ் இலாகாவில் ஏற்பாடு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஏஜென்ஸியிடம் வேலையின் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். உணவு, மருந்து, புரட்டிய நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்கச் செய்யுங்கள். பாங்குக் கார்டையும் பெட்டிச் சாவியையும் ஊழியரிடம் விடாதீர்கள். சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கொடுமை நேர்ந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நியாயம் வீட்டுப் பராமரிப்புக்கும் பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம்.

நம்பி வீட்டுக்குள் விட்டவரைச் சோதிப்பது அவமதிப்பு அல்லவா என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். பொன்னை உரைத்துப் பார்த்து வாங்கும் நாம், தாயைப் பிறர் கையில் ஒப்புவிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்? நேர்மையான ஊழியருக்குச் சோதனையே காப்பு. மோதிரம் காணாமற் போனால் முதலில் சந்தேகிக்கப்படுபவர் அவர்தான். குறிப்பு நோட்டும் எழுத்து ஒப்பந்தமும் அவரையும் காக்கும்.

அந்த ஊழியரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபத்துநாலு மணி நேர வேலை என்று அமர்த்தி, இரவில் ஐந்து தடவை எழுப்பி, கூடத்தின் மூலையில் பாய் போடச் சொல்லி, ஏஜென்ஸி எடுத்துக்கொண்டது போக மீதியைக் கொடுத்தால், எவருடைய கைதான் தவறாது? தூங்காத கண் மருந்துச் சீட்டைத் தவறாகவே வாசிக்கும். வீட்டு வேலைத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் 2007-இலேயே நலவாரியம் அமைந்தது. முதியோரின் பத்திரத்தைச் சோதிக்க வரும் அதிகாரி, ஊழியரின் சம்பளத்தையும் ஓய்வையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

பார்லிமெண்டு அங்கத்தினர்களை நாம் கேட்பது இதுதான்: காலாவதியான ஷரத்துக்களை மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றுங்கள். ராஜ்ய சர்க்கார் டில்லியை எதிர்பாராமல் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட சோதனைகளை வீடுவரை கொண்டுசெல்லட்டும். குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் முதியோர் தனித்திருக்கிறார்கள் என்று அறிந்து, முறைவைத்து நேரில் சென்று விசாரிக்கட்டும். ஊருக்கு உழைக்கும் தொண்டர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். இந்நாட்டின் விடுதலைக்குப் பின் இதைக் கட்டி எழுப்பிய தலைமுறை இன்று கட்டிலில் படுத்திருக்கிறது. அவர்களுடைய அறைக் கதவைத் தட்டிப் பார்க்கக்கூட ஆளில்லாத சுயராஜ்யம் பூர்த்தியான சுயராஜ்யம் ஆகாது.