பூனைக்குட்டிக்கு ட்ரே பழக்குவது எப்படி?

மழைக்காலம் ஆரம்பிச்சா போதும், காலேஜைச் சுத்தி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்களோட வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு போட்டோ வந்துடும். ஷூ டப்பாவுக்குள்ள நனைஞ்சுபோன ஒரு பூனைக்குட்டி. முதல் நாள் அது எல்லாருக்கும் செல்லம். மூணாவது நாள் யாரோ ஒருத்தரோட தலையணை நாறும். பத்தாவது நாள் ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வருவார். அப்போ ரூமில் ஒருத்தன் சொல்வான்: "மீன் மார்க்கெட்ல விட்டுடலாம் மச்சி, அங்க சாப்பிட்டுப் பொழைச்சுக்கும்."

பொழைக்கிறது ரொம்பக் கஷ்டம். ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற பெரிய பூனைகளுக்கும் நாய்களுக்கும் நடுவில், ரெண்டு மாசக் குட்டி எத்தனை நாள் தாங்கும்? தலையணையை நனைச்சதுக்கு அது கொடுக்கிற விலை சில சமயம் உயிர். ஆனா அந்தத் தலையணைப் பிரச்சனையைத் தீர்க்கிறது நாம நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு ட்ரே, கொஞ்சம் மணல், ஒண்ணு ரெண்டு வாரப் பொறுமை. பெரும்பாலான குட்டிகளுக்கு இது போதும்.

பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு

வீட்டுப் பூனையோட மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. 2007-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, உலகத்தில் இருக்கிற வீட்டுப் பூனைகளோட வேர் மேற்கு ஆசியாவில் இருக்குன்னு காட்டியது. உதிரியான மண்ணைத் தோண்டி, போயிட்டு, மூடிட்டு வர்றது அந்தப் பரம்பரையில் வந்த பழக்கம். கேம்பஸில் புது பிளாக் கட்டுற இடத்தில் மணல் கொட்டியிருந்தா கவனிச்சுப் பாருங்க. அங்கே வர்ற பூனைக்கு யாரும் கிளாஸ் எடுக்கலை.

அதனால எப்படிப் போகணும்னு குட்டிக்குத் தெரியும். எங்கே போகணும்னு காட்டுறது மட்டும்தான் நம்ம வேலை. இந்த ஒரு விஷயம் மனசில் இருந்தா, கீழே சொல்ற எல்லாமே தானா புரிஞ்சுடும்.

முதலில் வயசைப் பாருங்க

மூணு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டிக்குத் தானா ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போகத் தெரியாது. அம்மா பூனை நக்கிவிட்டாதான் வெளியே வரும். அம்மா இல்லேன்னா, ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான தண்ணியில் நனைச்ச பஞ்சால் பின்பக்கம் மெதுவா ஒத்தி எடுக்கணும். இந்த வயசில் ட்ரேயைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். நேரா கால்நடை டாக்டர்கிட்ட போங்க.

தள்ளாடாம நடந்து, தட்டில் வச்ச சாப்பாட்டைத் தானா சாப்பிட ஆரம்பிச்சிருந்தா, குட்டிக்குக் கிட்டத்தட்ட நாலஞ்சு வாரம் ஆகியிருக்கும். ட்ரே பழக்க இதுதான் சரியான நேரம். இன்னொரு விஷயம்: தனியா கிடக்கிற குட்டி எல்லாம் அநாதை இல்லை. அம்மா இரை தேடப் போயிருக்கலாம். குட்டிக்கு உடனடி ஆபத்து இல்லேன்னா, கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாருங்க. எட்டு வாரம் வரைக்கும் அம்மாகூட இருக்கிற குட்டிதான் ஆரோக்கியமா வளரும்.

ட்ரேவும் மணலும்

கடையில் விற்கிற ட்ரேதான் வேணும்னு இல்லை. பழைய பிளாஸ்டிக் டப் ஒண்ணை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் அஞ்சு, ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, வெட்டின ஓரத்தில் டேப் ஒட்டிட்டா வாசல் ரெடி. உயரமான சுவரைக் குட்டியால் ஏற முடியாது. ஏற முடியலேன்னா வெளியேதான் போகும். பூனை வளர்ந்த பிறகு, அதோட உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள ட்ரேக்கு மாத்திடுங்க. எத்தனை பூனையோ, அதைவிட ஒரு ட்ரே கூடுதலா இருக்கணும்ங்கிறது பூனை வளர்க்கிறவங்க வழக்கமாச் சொல்ற கணக்கு.

உள்ளே என்ன போடறது? இதுக்கு ஒரு சின்ன வரலாறு இருக்கு. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோங்கிறவர்கிட்ட, பக்கத்து வீட்டு அம்மா பூனைக்காக மணல் கேட்டார். மணலுக்குப் பதிலா, சிந்தின எண்ணெயை உறிஞ்சுறதுக்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்கிற களிமண் துகளை எட் லோ கொடுத்தார். அது வாடையையும் ஈரத்தையும் நல்லா உறிஞ்ச, அதிலிருந்து ஒரு தனித் தொழிலே கிளம்பிடுச்சு.

இன்னைக்குக் கடையில் அதிகம் கிடைக்கிறது, நனைஞ்சா கட்டியாகிற பெண்டோனைட் வகை. சிவில் பசங்களுக்கு இது பழைய நண்பன். பைல் போடவும் டயாஃபிரம் வால் கட்டவும் தோண்டுற குழி இடிஞ்சு விழாம இருக்க ஊத்துற கரைசல் இதுதான். தண்ணி பட்டா பல மடங்கு ஊதும். வளர்ந்த பூனைக்கு இது வசதி. கட்டியை மட்டும் அள்ளிப் போட்டுடலாம். ஆனா சின்னக் குட்டி எதைப் பார்த்தாலும் வாயில் வச்சுப் பார்க்கும். இதை முழுங்கினா வயித்துக்குள்ளேயும் ஊதி அடைச்சுக்கிற ஆபத்து இருக்கு. அதனால மூணு, நாலு மாசம் ஆகிற வரைக்கும் கட்டியாகிற வகை வேண்டாம்.

அதுவரைக்கும் சலிச்சுக் கழுவிக் காயவச்ச மணல், மெல்லிசாக் கிழிச்ச பழைய நியூஸ்பேப்பர், நர்சரியில் கிடைக்கிற தேங்காய் நார்த்தூள், மர பெல்லட் இதில் எது கிடைச்சாலும் சரி. மூணு, நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்க. பவுடர் மாதிரி தூசி பறக்கிறதும், வாசனை சேர்த்ததும் வேண்டாம். நமக்கு லாவெண்டர் வாசனை பிடிக்கலாம். நம்மைவிட பல மடங்கு மோப்ப சக்தி உள்ள பூனைக்கு அது மூக்கடைக்கிற நாத்தம்.

எங்கே வைக்கணும்?

சத்தமில்லாத, ஆள் அதிகம் நடக்காத ஒரு மூலை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இருக்கணும். சாப்பிடற இடத்துப் பக்கத்தில் போகப் பூனை விரும்பாது. வாஷிங் மெஷின் பக்கம் வேண்டாம். போயிட்டிருக்கும்போது மெஷின் ஒரு தடவை குலுங்கினா, குட்டி அந்தப் பக்கமே திரும்பாது.

ரூமில் தங்கியிருக்கிறவங்க பெரும்பாலும் பாத்ரூமில்தான் ட்ரே வைப்பாங்க. வைக்கலாம், ஆனா நாலு பேர் இருக்கிற வீட்டில் பாத்ரூம் கதவு எத்தனை மணி நேரம் மூடியிருக்கும்னு யோசிங்க. கதவு மூடியிருக்கிற நேரத்தில் குட்டிக்கு அவசரம்னா, பாத்ரூமுக்கு அடுத்த சாய்ஸ் உங்க மெத்தைதான்.

முதல் வாரம்

குட்டியை முழு வீட்டிலும் திரிய விடாதீங்க. முதல் சில நாள் ஒரே ஒரு ரூம். அந்த ரூமில் படுக்கை ஒரு மூலை, ட்ரே எதிர் மூலை.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிஷத்துக்குள்ள, ஓடி விளையாடி முடிச்ச பிறகு, இந்த மூணு நேரத்திலும் குட்டியைத் தூக்கி ட்ரேக்குள்ள விடுங்க. இது போக, தரையை மோந்துக்கிட்டே வட்டமடிச்சாலோ, மூலையில் போய்ப் பிறாண்டினாலோ அதுவும் சிக்னல்தான். உங்க விரலால் மணலை லேசாக் கிளறிக் காட்டலாம். அதோட முன்னங்காலைப் பிடிச்சு வலுக்கட்டாயமாத் தோண்ட வைக்காதீங்க, பயந்துடும்.

போயிட்டிருக்கும்போது கை தட்டுறது, வீடியோ எடுக்க ஃபிளாஷ் போடுறது எல்லாம் வேண்டாம். முடிச்சுட்டு வெளியே வந்ததும் தடவிக் கொடுங்க. முதல் ரெண்டு நாள் அது போனதில் ஒரு துளியை ட்ரேயிலேயே விட்டு வைங்க. அடுத்த தடவை அந்த வாடையே வழி காட்டும். அதுக்கப்புறம் தினமும் ரெண்டு தடவை அள்ளி எடுக்கணும். இதுக்குன்னே ஒரு பழைய ஜல்லிக்கரண்டியை ஒதுக்கிட்டா போதும்.

வெளியே போயிட்டா?

அடிக்கிறது, திட்டுறது, மூக்கைப் பிடிச்சு அதில் தேய்க்கிறது எதுவுமே வேலைக்கு ஆகாது. "இங்கே போகக் கூடாது"ங்கிற பாடம் குட்டிக்குப் புரியாது. "இவன் பார்க்கும்போது போனா ஆபத்து"ன்னு மட்டும் புரியும். அப்புறம் நீங்க பார்க்காத கட்டிலுக்கடியில் போக ஆரம்பிக்கும்.

துடைக்கும்போது ஃபினாயில் எடுக்காதீங்க. ஃபீனால் வகை ரசாயனங்களை உடைச்சு வெளியேத்துற திறன் பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. தரையில் நடந்துட்டு பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போயிடும். அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். அந்த வாடை சிறுநீர் வாடை மாதிரியே இருக்கிறதால, அதே இடத்துக்கு மறுபடி கூப்பிடும். பூனைச் சிறுநீரில் இருக்கிற யூரிக் அமிலம் தண்ணியில் லேசில் கரையாது. அதனாலதான் துடைச்ச இடம் கூட, காத்தில் ஈரப்பதம் ஏறினா திரும்ப நாறும். இதுக்கு எல்லாத்தையும்விட நல்லது என்சைம் கிளீனர். அது இல்லேன்னா சோப்புத் தண்ணியில் கழுவி, தண்ணி கலந்த வினிகரால் துடைச்சு, நல்லாக் காயவிடுங்க.

அப்புறம் உட்கார்ந்து டீபக் பண்ணுங்க. ட்ரே அழுக்கா இருந்துச்சா? இடம் மாறுச்சா? மணலுக்குப் பதிலா திடீர்னு வேற ஏதாவது போட்டீங்களா? மாத்தணும்னா பழையதோட புதுசைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஒரு வாரத்தில் மாத்துங்க. ரூமுக்குப் புது ஆளோ நாயோ வந்துச்சா? குட்டி வெளியே போறதுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு காரணம் இருக்கும். அதுக்கு நம்ம மேல கோபமெல்லாம் கிடையாது.

டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரம்

சில காரணங்கள் ட்ரேயில் இருக்காது, உடம்பில் இருக்கும். பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது, வயித்தாலே போகும். வயித்தாலே போற குட்டியால் ட்ரே வரைக்கும் அடக்க முடியாது. பாலை நிறுத்திட்டு தண்ணி வைங்க. பூச்சி மருந்தை டாக்டர் சொல்ற அளவில் மட்டும் கொடுங்க.

ட்ரேயில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரலேன்னா, முக்கியமா வளர்ந்த ஆண் பூனைன்னா, அது எமர்ஜென்சி. சிறுநீர்ப் பாதை அடைச்சிருந்தா ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. செமஸ்டர் எக்ஸாம் இருந்தாலும் அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும். சென்னையில் இருந்தா, 1903-இல் தொடங்கின வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோட மருத்துவமனை இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடைக் கல்லூரிகள் இருக்கு.

அஞ்சாறு மாசத்தில் ஆண் பூனை சுவரில் பீய்ச்ச ஆரம்பிக்கலாம். அது எல்லை குறிக்கிற பழக்கம். ட்ரே பயிற்சி தோத்துடுச்சுன்னு அர்த்தமில்லை. கருத்தடை பண்ணினா பெரும்பாலும் நின்னுடும்.

நம்ம பக்கமும் ஒரு எச்சரிக்கை. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி இருக்கலாம். வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றுற நிலைக்கு வரும். அதனால தினமும் அள்ளிடறதே பெரிய பாதுகாப்பு. அள்ளின பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க இந்த வேலையைத் தொடவே வேண்டாம். அள்ளினதைப் பேப்பரில் கட்டிக் குப்பையில் போடுங்க. டாய்லெட்டில் கொட்டினா பைப் அடைச்சு, ஹவுஸ் ஓனர் இன்னொரு தடவை மாடி ஏறுவார்.

கடைசியா, ரூம் மீட்டிங்

தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதிக்குங்க. திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் யார் யார் அள்ளுறது? செமஸ்டர் லீவில் எல்லாரும் ஊருக்குப் போகும்போது குட்டி யார்கூட இருக்கும்? வீட்டுப் பூனை பதினஞ்சு வருஷம் கூட வாழும். நம்ம கோர்ஸ் நாலே வருஷம்.

"எங்களால முழுசா வளர்க்க முடியாது"ன்னு முடிவு வந்தாலும் பரவாயில்லை. தத்து கேட்டு வர்றவங்க முதலில் கேக்கிற கேள்வி, "வீட்டை அசிங்கம் பண்ணுமா?" அதுக்கு "பண்ணாது, ட்ரேயில் போகும்"னு நீங்க சொல்ல முடிஞ்சா, அந்தக் குட்டிக்கு ஒரு வீடு கிடைக்கிறது ரொம்ப சுலபம். அந்தப் பதிலைத் தயார் பண்ண உங்களுக்கு ஆகிறது ஒண்ணு ரெண்டு வாரம்தான்.