உஷார்! கடன் உங்கள் பெயரில், காசு யார் கையில்?

அக்கா, தங்கச்சி... அடுத்த குழு லோனுக்கு ஆதார் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேரமில்லை என்றால், சமைத்துக்கொண்டே மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுகடன் கம்பெனிக்காரர்கள் தெருவுக்குள் வந்தால் ஆண்களைத் தேடுவதில்லை. பெண்களுக்குத்தான் கடன். பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம்; பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் போதும். ஈடே இல்லாத கடன் என்று நம்பிவிடாதீர்கள். ஈடு இருக்கிறது. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற நாலு பேரும் அவள் வாசலில் போய் நிற்பார்களே, அந்த மானக்கேடுதான் ஈடு. ஆம்பளைக்கு அந்தக் கூச்சம் குறைவு என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பதுதான் சிறுகடன். எல்லாக் கடன்களின் தவணையையும் சேர்த்தால் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ‘குடும்ப வருமானம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? புருஷன், பெண்டாட்டி, கல்யாணமாகாத பிள்ளைகள், எல்லோர் சம்பாத்தியத்தையும் ஒரே பானையில் போட்டுக் கூட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பானை இருக்கிறதா?

வீட்டுக்காரர் பெயின்டிங் வேலையில் மாதம் 18,000 சம்பாதிக்கிறார், நீங்கள் மில்லுக்குப் போய் 7,000 கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் மொத்தம் 25,000. பாதி 12,500 வரை தவணை கட்டலாம் என்று விதி சொல்லும். ஆனால் அவர் வீட்டுக்குக் கொடுப்பது 6,000. மிச்சம் டாஸ்மாக், வண்டி, சீட்டு, நண்பர் வீட்டு மொய் என்று அவர் வழியில் போய்விடும். உங்கள் கைக்கு வருவது 13,000. அதில் 12,500 தவணை போனால் மிச்சம் ஐந்நூறு ரூபாய். அரிசி, பருப்பு, கரன்ட் பில், பிள்ளைக்கு பஸ் காசு எல்லாம் அதற்குள். விதி மீறப்படவே இல்லை, அடுப்பு மட்டும் எரியாது! வீட்டுக்குள் யார் கையில் எவ்வளவு என்று கேட்கும் கட்டம் எந்தக் கடன் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

இது நம் ஊர்க்கதை மட்டுமில்லை. சிறுகடனின் தாய்வீடு என்று சொல்லப்படும் வங்கதேசத்திலேயே, கோட்ஸ், சென் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் பெண்கள் பெயரில் போன கடன்களைத் துருவிப் பார்த்து 1996-இல் எழுதினார்கள். பணத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்த பெண்கள் 37 சதவீதம் பேர்தான். மற்றவர்களுக்குக் கையெழுத்தும் தவணையும் சொந்தம். பணம் பாதியோ முழுதோ வீட்டு ஆண்களுக்குப் போயிருந்தது.

தவணை கட்டக் கையில் காசில்லாமல் போனால் அடுத்த கட்டம் உங்களுக்கே தெரியும். இந்தக் கம்பெனி தவணைக்கு அந்தக் கம்பெனியில் ஒரு லோன், அதற்கு இன்னொன்று. ‘ரொட்டேஷன்’ என்று அழகாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். 50,000 ரூபாயை ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 2,640 கட்ட வேண்டும். அப்படி மூன்று இருந்தால் எட்டாயிரத்தைத் தொடும். அரசு போடும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை இதில் எந்த மூலைக்கு? 2010-இல் ஆந்திராவில் இப்படித்தான் கடன்மேல் கடன் ஏறி, தற்கொலைகள் வரை போய், அரசு அவசரச் சட்டம் போட்டது.

இன்னொன்று. “உம் பேருல எடுத்துக் குடு, நானே கட்டிடறேன்” என்று நாத்தனாரோ எதிர்வீட்டு அக்காவோ வந்தால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். உறவு கசந்தால் கசக்கட்டும். அவர் கட்டாமல் விட்டால் கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். நாளைக்கு மகன் கல்விக்கடனுக்கு உங்களோடு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

கையெழுத்துப் போடும் முன் கடன் அட்டையைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. இன்சூரன்ஸ் என்று பிடித்தால், அது உங்களுக்கு மட்டுமா, வீட்டுக்காரருக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் சம்மதமில்லாமல் அதைத் தலையில் கட்ட முடியாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகப் போன் போட்டாலே அது விதிமீறல். பேசிவைத்த பொது இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வசூலுக்கு வீட்டு வாசலுக்கே வரலாம். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழக அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

கடன் வாங்காமல் வாழ முடியாது, தெரியும். வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள். தமிழகத்தில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு அது. சேமிப்பு உங்களுடையது, தீர்மானப் புத்தகம் உங்களுடையது. தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் உள்ள குழுவுக்கு 3 லட்சம் வரை வங்கி வட்டி 7 சதவீதம்தான். மெதுவாகத்தான் கிடைக்கும். சிறுகடன் கம்பெனி இரண்டே நாளில் கொடுக்கும். அந்த அவசரத்துக்குத்தான் மூன்று மடங்கு வட்டி.

வீட்டுக்காரருக்காக வாங்குகிறீர்களா? பணம் அவர் கைக்குப் போகும் முன், தவணைக்கு மாதம் எவ்வளவு தருவார் என்று மாமியார் முன்னிலையில் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சை எடுக்கவே பயமாக இருக்கிறதென்றால் அந்தக் கடன் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கடன் அட்டைக்குப் பின்னால் இந்த எண்ணை இன்றைக்கே எழுதிவையுங்கள்.