மேற்கோளும் கட்டளையும்

தமிழில் பிறர் கூற்று முடியும் இடத்தை "என்று" என்னும் சொல் காட்டுகிறது. தரவுத்தளத்தின் வினவல்மொழியில் அப்பணியை ஒற்றை மேற்கோள்குறி செய்கிறது. கம்போங் மேடான் மாணவர் ஒருவரின் பெயரை, டி'குரூஸ் என, இணையப் பதிவேட்டில் இடுவதாகக் கொள்வோம். நடுவிலுள்ள குறியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டதெனத் தரவுத்தளம் கருதும். எஞ்சிய "குரூஸ்" கட்டளையின் பகுதியாகிப் பிழை விளையும். தீய நோக்குடையோர் அவ்விடத்தில் கட்டளையையே எழுதிப் பதிவேட்டைப் படிக்கவும் அழிக்கவும் கூடும். இத்தாக்குதல் முறை 1998ஆம் ஆண்டிலேயே பொதுவெளியில் விளக்கப்பட்டது.

குறியை நீக்கிவிடலாமே எனில், அது ஒருவரின் பெயரைச் சிதைப்பதாகும். நம் பெயர்களிலுள்ள "ஏ/எல்", "ஏ/பி" ஆகியவற்றின் சாய்கோட்டால் வினவலுக்கு ஊறில்லை. அதனை நீக்கவும் காரணமில்லை. மேற்கோள்குறியை இரட்டித்து எழுதினால் தரவுத்தளம் அதனைப் பெயரின் உறுப்பாகவே கொள்ளும். ஆயினும் ஓரிடத்தில் மறந்தாலும் காவல் உடையும்.

ஆதலின் நாம் பரிந்துரைப்பது வேறொரு முறை. பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு வாக்கியத்தை முதலில் அனுப்புக. பெயரைப் பின்னர்த் தனியே வழங்குக. பயனிலை முன்னரே உறுதிப்பட்டுவிட்டதால், பின்வரும் பெயர் எவ்வடிவில் இருப்பினும் கட்டளையாக மாற இயலாது. நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூற்று வேறு, கட்டளை வேறு என்பதை முதல் பாடத்திலேயே உணர்த்துதல் வேண்டும்.