நேட்டோவில் மௌனம் என்றால் சம்மதம்

அங்காராவில் 2026 ஜூலை 7, 8 தேதிகளில் நேட்டோ உச்சி மாநாடு. அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: 32 நாடுகளின் தளபதிகள் எப்படி ஒரே முடிவுக்கு வருகிறார்கள், ஓட்டெடுப்பு உண்டா?

ஓட்டெடுப்பே கிடையாது. முப்படைத் தலைவர்கள் ஆண்டுக்கு மூன்று முறை ராணுவக் குழுவாகக் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் பிரஸ்ஸல்ஸில் தங்கியிருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகள் வாரந்தோறும் சந்திக்கிறார்கள். ராணுவக் குழுவை நேட்டோவின் மிக உயர்ந்த ராணுவ அதிகார அமைப்பு என்கிறது தலைமையகம். ஆனால் இந்தக் குழு ஒரு படைப்பிரிவைக்கூட நகர்த்த முடியாது. நேட்டோவின் அரசியல் முடிவுகளை எடுக்கும் வட அட்லாண்டிக் கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்வதே அதன் முக்கிய வேலை.

அந்த ஆலோசனை உருவாகும் விதம்தான் கவலை தருகிறது. வரைவு எல்லா நாடுகளுக்கும் போகும்; கூடவே ஒரு கெடு, உதாரணமாக வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. அதற்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் அனைவரும் ஏற்றதாகக் கணக்கு. முழு மனதோடு ஏற்றவர், அரைமனதாக விட்டுக்கொடுத்தவர், பெரிய நாட்டைப் பகைத்துக்கொள்ளத் தயங்கியவர் என்ற வேறுபாடு எதுவும் முடிவில் தெரியாது. வெளியே வரும் அறிக்கையில் 'ஒருமித்த கருத்து' என்று மட்டும் இருக்கும். போருக்கும் உயிருக்கும் தொடர்புடைய முடிவுகளில் இந்த மறைப்பு சரியல்ல.

கவுன்சிலிலும் இதே நடைமுறைதான். 2003 பிப்ரவரியில், ஈராக் போர் மூண்டால் துருக்கியைக் காப்பதற்கான திட்டமிடலைத் தொடங்கும் வரைவு இப்படிச் சுற்றுக்கு விடப்பட்டது. கெடு முடிவதற்குள் மறுப்பு வந்தது; பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் வரைவை எதிர்த்தன. இப்போதே திட்டமிட்டால் போர் நிச்சயம் என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பது அவற்றின் வாதம். சில நாட்கள் இழுபறி. பிறகு விவகாரத்தைப் பாதுகாப்புத் திட்டக் குழுவுக்கு மாற்றினார்கள். 1966-ல் ஒருங்கிணைந்த ராணுவ அமைப்பிலிருந்து விலகிய பிரான்ஸுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. மற்ற இரு நாடுகளும் இறங்கிவர, பிப்ரவரி 16 அன்று 'ஒருமித்த' முடிவு கிடைத்துவிட்டது. பிரான்ஸை இணங்க வைக்கவில்லை. அது உட்காராத அறைக்கு வரைவை எடுத்துப் போனார்கள்.

மற்ற கேள்விகள்:

ராணுவக் குழுவின் தலைவர் யார்? 2025 ஜனவரி முதல் இத்தாலியின் அட்மிரல் ஜுசெப்பே காவோ டிராகோனே. முப்படைத் தலைவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

படைகளுக்கு உத்தரவிடுவது யார்? பெல்ஜியத்தின் மோன்ஸிலுள்ள தலைமைத் தளபதி. அந்தப் பதவியில் இதுவரை அமெரிக்கர்களே இருந்திருக்கிறார்கள்.

ராணுவமே இல்லாத ஐஸ்லாந்து? குடிமை அதிகாரி ஒருவரை அனுப்புகிறது.

ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால், நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவின்படி எல்லோரும் படை அனுப்பியே ஆக வேண்டுமா? இல்லை, எந்த உதவி தேவை என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கலாம்.

2003-ல் செய்ததை இன்றும் செய்ய முடியுமா? முடியாது. பாதுகாப்புத் திட்டக் குழு 2010-ல் கலைக்கப்பட்டது. பிரான்ஸும் அதற்கு முந்தைய ஆண்டே ராணுவ அமைப்புக்குத் திரும்பிவிட்டது.