ஆளில்லா நேரத்து அரங்கம்

நாடக அரங்கு, ஆப்பரா மாளிகை, பெரிய சினிமா தியேட்டர் என்று எதை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கட்டடத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. காட்சி தொடங்கியதும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இடைவேளையில் விளக்கு எரிந்தாலும் கண் போவது எதிரே வருகிற முகங்கள் மேலும் கேன்டீன் வரிசை மேலும்தான். கூரையில் என்ன வேலைப்பாடு, பால்கனியின் விளிம்பு எந்த இடத்தில் வளைகிறது என்று டிக்கெட் எடுத்து வந்தவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதனால் கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகிறார்கள். முதல் காட்சிக்கு முந்தைய காலை, ஒத்திகை இல்லாத நாள், பழுதுபார்க்க மூடியிருக்கும் மாதம், சில இடங்களில் நிரந்தரமாகப் பூட்டு விழுந்த பிறகு.

மேடையின் நடுவில் கேமராவை வைத்து இருக்கைகளை நோக்கி எடுத்தால், அலங்காரத்துக்கு முன்பாகவே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பது. நேப்பிள்ஸின் சான் கார்லோ (1737), மிலானின் லா ஸ்காலா (1778) போன்ற இத்தாலிய ஆப்பரா மாளிகைகள் குதிரை லாட வடிவில் அமைந்தவை. சுவர் நெடுக அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்கு பாக்ஸ் என்று பெயர். லாடத்தின் இரு முனைகளுக்கு அருகே பாக்ஸ் எடுத்தவருக்கு மேடை கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். எதிர்ச் சுவரில் யார் யாருடன் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது நேராகவே தெரியும். நடுவில், மேடைக்கு நேர் எதிரே, அரசரின் பாக்ஸ். சான் கார்லோவில் மற்ற பாக்ஸ்களுக்குள் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அரசர் கைதட்டுகிறாரா என்று அதில் பார்த்துவிட்டுத் தாங்களும் தட்டுவதற்காக என்று சொல்வதுண்டு.

ஜெர்மனியின் பைராய்ட்டில் ரிச்சர்ட் வாக்னர் 1876இல் திறந்த அரங்கு இதற்கு நேர்மாறு. பக்கச் சுவர்களில் பாக்ஸ் கிடையாது. விசிறியாக விரிந்த ஒரே சரிவில் இருக்கைகள். உட்கார்ந்தால் மேடையைத் தவிர வேறெதையும் பார்க்க வழியில்லை. கூட்டம் நிறைந்திருக்கும்போது எடுத்தால் இரண்டு அரங்கின் படமும் கூட்டத்தின் படமாகத்தான் முடியும். காலியாக எடுத்து அருகருகே வைத்தால் இரண்டு வகையான சமுதாயம் கண்ணில் படும்.

பாரிஸின் பாலே கார்னியே இன்னொரு பாடம். 1875 ஜனவரி 5 அன்று திறந்த இந்த ஆப்பரா மாளிகையில் இருக்கைகள் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டடம் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மீதி இடமெல்லாம் படிக்கட்டுக்கும் கூடங்களுக்கும் மேடைக்குப் பின்னால் உள்ள ஏற்பாடுகளுக்கும் போயிற்று. பட்டும் நகையுமாக வந்தவர்கள் ஏறி இறங்குவதை மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்றே கட்டடக் கலைஞர் சார்ல் கார்னியே அந்தப் பளிங்குப் படிக்கட்டை அமைத்தார். அது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே டெல்மே, டுராண்டெல் என்ற இரு புகைப்படக்காரர்கள் படிப்படியாகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். டெல்மே 1862இல் இறந்த பிறகும் டுராண்டெல் வேலையைத் தொடர்ந்தார். பின்னால் தங்கப்பூச்சுக்கும் பளிங்குக்கும் உள்ளே மறைந்துபோன இரும்புச் சட்டங்களை அவர் படங்களில் இன்றும் பார்க்கலாம்.

ஆள் இல்லாமல் எடுப்பது அந்தக் காலத்தில் விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் படம் விழ நிறைய நேரம் பிடிக்கும். அதற்குள் அசைந்தவர்கள் மங்கலான கறையாகவோ மாயமாகவோ போய்விடுவார்கள். இன்றைய கேமராவில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் அரங்கின் உட்புறம் கேமராவுக்கு எளிதில் வசப்படுகிற இடமல்ல. காரணம் வெளிச்சம். சிவப்பு வெல்வெட்டு இருக்கைகளும் கம்பளமும் ஒளியைக் குடித்துவிடும். கில்ட் பூச்சும் சரவிளக்கும் திருப்பி அடிக்கும். இருட்டான மூலைக்கு அளவு வைத்தால் சரவிளக்கு வெறும் வெள்ளையாகிவிடும். விளக்குக்கு வைத்தால் பால்கனிக்கு அடியில் எல்லாம் கறுப்பு. இதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, கேமராவை அசைக்காமல் ஒரே காட்சியைப் பல எக்ஸ்போஷர்களில் எடுத்துக் கணினியில் சேர்ப்பது. மற்றது, அரங்கின் விளக்குப் பொறுப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரவிளக்கைக் குறைத்து, சுவர் விளக்கைக் கூட்டி, கண்ணுக்குப் பிடித்த சமநிலை வரும்வரை பேசி முடிப்பது. இரண்டாவதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். படம் நன்றாக இருப்பது பெரும்பாலும் அதில்தான். கணினியில் அளவுக்கு மீறிச் சேர்த்த படங்களில் நிழலே இருக்காது. கல்யாண மண்டபத்து விளம்பரம் போல எல்லாம் பளபளக்கும்.

நிறமும் தொல்லை தரும். பழைய குண்டு பல்பின் மஞ்சள், புதிதாக மாட்டிய எல்இடியின் வெள்ளை, வெளியேறும் வழிப் பலகையின் பச்சை, வாசல் கதவிடுக்கில் நுழையும் பகல் வெளிச்சத்தின் நீலம் என நான்கும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேரும். கதவுகளைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது நேர்க்கோடு. உயரமான கூரை படத்துக்குள் வர வேண்டும் என்று கேமராவை அண்ணாத்தினால் தூண்களெல்லாம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். கேமராவை நிமிர்ந்தபடியே வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் தூண் தூணாக நிற்கும். பழைய வியூ கேமராக்கள் இதற்கென்றே துருத்தியோடு வந்தன. இப்போது ஷிஃப்ட் லென்ஸ் அந்த வேலையைச் செய்கிறது. கேமராவை எங்கே வைப்பது என்பதற்கும் நெடுங்காலப் பழக்கம் உண்டு. அரங்கை முழுவதுமாகக் காட்ட நடுக்கோட்டில் முதல் பால்கனியின் முன்வரிசை நல்ல இடம். தரைக்கும் கூரைக்கும் ஏறக்குறைய நடுவில் கண் இருப்பதால் இரண்டும் சமமாக விரியும். அரண்மனை அரங்குகளில் ஆட்சியாளரின் இருக்கையை வைத்ததும் நடுக்கோட்டில்தான், மேடைக் காட்சிகளின் தொலைவுக் கணக்கை அந்தக் கண்ணுக்கு ஏற்பவே போட்டார்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் விலகினாலும் சமச்சீர் குலைந்தது படத்தில் தெரிந்துவிடும். அதனால் அளவு நாடாவும் நீர்மட்டமும் இல்லாமல் இந்த வேலைக்குக் கிளம்புபவர் இல்லை.

மேடையில் இரவு முழுதும் எரிய விடுகிற ஒற்றை பல்பு பல மேலைநாட்டு அரங்குகளில் உண்டு, இருட்டில் யாரும் இசைக்குழுப் பள்ளத்தில் விழாமல் இருப்பதற்காக. படத்துக்கு முன் அதை நகர்த்த வேண்டும். மடக்கு இருக்கைகளில் ஒன்று கீழே சரிந்திருந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேயேதான் போய் நிற்கும். வரிசை வரிசையாகப் போய் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடக்கிவிட்டு வர ஓர் உதவியாளர் தேவைப்படுவார். பல விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது ஏசி காற்றில் சரவிளக்கின் தொங்கல்கள் ஆடினால் அந்த இடம் மட்டும் கலங்கிவிடும். மரத் தளத்தில் யாராவது நடந்தாலே போதும், ட்ரைபாட் அதிரும். பிலிமில் எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நேரம் நீள நீள பிலிமின் உணர்திறன் குறையும். மீட்டர் 10 விநாடி என்று காட்டினால் அதைவிடக் கணிசமாகக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

இந்த வகைப் படங்களைக் கலைக்கூடச் சுவருக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கான்டிடா ஹோஃபர். 1944இல் பிறந்தவர், டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியின் மாணவி. 1970களில் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த துருக்கியர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு மனிதர்களை விட்டு அவர்கள் கூடும் இடங்களுக்குத் திரும்பினார்: நூலகம், அருங்காட்சியகம், ஆப்பரா மாளிகை. கூடுதல் விளக்கு எதையும் கொண்டுபோவதில்லை. அங்கே இருக்கிற வெளிச்சமே போதும் என்பது அவர் முறை. தலைப்பிலும் அலங்காரம் கிடையாது. இடத்தின் பெயர், ஊர், ஆண்டு, ஒரு ரோமன் எண், அவ்வளவுதான். ஆளுயரத்துக்கும் மேலான அச்சில் அந்தப் படத்தின் முன் நின்றால் கடைசி வரிசை இருக்கையின் தையல் வரை தெரியும்.

ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ போன வழி வேறு. 1948இல் டோக்கியோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய இவர், ஒரு முழு சினிமாவை ஒரே புகைப்படத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். 1970களின் பிற்பாதியில் பெரிய பிலிம் கேமராவைத் தியேட்டருக்குள் கொண்டுபோய், படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டகங்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, திரை வெறும் வெண்செவ்வகமாக மிஞ்சியது. நாயகன், நாயகி, சண்டை, பாட்டு எதுவும் இல்லை. யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தாலும் அசைந்துகொண்டே இருந்திருப்பார்கள், அவர்களும் பதியவில்லை. திரையிலிருந்து தெறித்த வெளிச்சம் மட்டும் அரங்கின் வளைவுகள், தூண்கள், இருக்கைகளின் முதுகுகள் மேல் இரண்டு மணி நேரம் மெல்லப் படிந்து, கட்டடத்தை வரைந்துவிட்டது. 1978இல் எடுத்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் படத்தில், 1932இல் திறந்த அந்தப் பேரரங்கின் அடுக்கு வளைவுகள் ஒவ்வொன்றும் திரையொளியில் தனித்தனியாகத் தெரிகின்றன. விளக்குப் போட்டு எடுத்த எந்த விளம்பரப் படமும் இவ்வளவு தெளிவாக அந்த அமைப்பைக் காட்டவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். பின்னாளில் கைவிடப்பட்ட தியேட்டர்களுக்குச் சுகிமோட்டோவே திரையைக் கொண்டுபோய்க் கட்டி, சினிமா ஓட்டி, இதே முறையில் எடுத்தார்.

காலி அரங்கு ஒருமுறை உலகச் செய்தியாகவும் ஆனது. 2020 ஜூன் 22 அன்று பார்சிலோனாவின் லிசேயு ஆப்பரா மாளிகை, பெருந்தொற்று அடைப்புக்குப் பிறகு 2,292 இருக்கைகளிலும் செடித் தொட்டிகளை வைத்து ஒரு நால்வர் இசைக்குழுவை வாசிக்க வைத்தது. மேடையிலிருந்து எடுத்த படங்கள்தான் எங்கும் பரவின.

கைவிடப்பட்ட தியேட்டர்களின் படங்கள் தனிக் கிளை. இவ் மார்ஷாங், ரோமேன் மெஃப்ர் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் டெட்ராய்ட் நகரின் இடிபாடுகளைப் பதிவு செய்து 2010இல் நூலாக்கினார்கள். அமெரிக்காவின் பழைய சினிமா மாளிகைகளையும் தொடர்ந்து எடுத்தார்கள். அவற்றில் மறக்க முடியாதது டெட்ராய்டின் மிச்சிகன் தியேட்டர். 1926இல் நான்காயிரம் பேருக்குக் கட்டியது. 1970களில் இருக்கைகளை அகற்றிவிட்டு உள்ளே கான்கிரீட் தளங்கள் போட்டுக் கார் நிறுத்துமிடமாக மாற்றினார்கள். சுண்ணப்பூ வேலைப்பாட்டுக் கூரையும் கிழிந்த திரையும் அப்படியே மேலே நிற்க, கீழே கார்கள். ஹென்றி ஃபோர்டு தன் முதல் மோட்டார் வண்டியைச் செய்த பட்டறை இருந்ததும் அதே மனையில்தான். இடிபாட்டுப் படங்கள் அந்த ஊரின் வறுமையை அழகுப் பொருளாக்குகின்றன என்ற குறை உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் புரூக்ளினில் 1929இல் திறந்து 1977இல் மூடிய கிங்ஸ் தியேட்டர் 2015இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது போன்ற வேலைகளுக்குப் பழைய படங்கள் ஆவணமாகின்றன. வெனிஸின் லா ஃபெனிச்சே 1996இல் எரிந்து, பழைய தோற்றத்திலேயே கட்டப்பட்டு 2003இல் திறந்தபோது, பழைய புகைப்படங்களோடு அங்கே படமான விஸ்கோன்ட்டியின் 'சென்ஸோ' (1954) சினிமாவின் காட்சிகளும் அலங்காரங்களை மீட்க உதவின.

இந்தியாவில் இந்தப் பதிவு தாமதமாகத்தான் தொடங்கியது. ஒளிப்பதிவாளர் ஹேமந்த் சதுர்வேதி 2019 முதல் நாடெங்கும் சுற்றி நூற்றுக்கணக்கான ஒற்றைத்திரை தியேட்டர்களைப் படமெடுத்திருக்கிறார். அதற்கு முன்பே ஜெர்மனியைச் சேர்ந்த சபீன் ஹௌபிட்ஸ், ஸ்டெஃபனி சோக்கே இருவரும் தென்னிந்தியத் தியேட்டர்களைத் தேடி வந்தார்கள். அவர்களின் நூல் 2016இல் வெளியானது. மேலைநாட்டு நவீனக் கட்டடப் பாணியை இங்குள்ள கொத்தனார்களும் உரிமையாளர்களும் தங்கள் ரசனைக்கு வளைத்துக்கொண்ட விதம் அவர்களை ஈர்த்தது. நெட்டுக்குத்தான கான்கிரீட் பட்டைகள், ஓட்டைக் கல் ஜன்னல்கள், ரோஜாவும் பச்சையுமாக வண்ணங்கள்.

தமிழ்நாட்டில் எடுக்கத் தவறியவை ஏராளம். மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது, 2,563 இருக்கைகள். அதை இடித்தாகிவிட்டது, அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் 1913இல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் அஞ்சல் துறையின் கைக்குப் போனதால் பிழைத்தது. மற்றபடி கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் வணிக வளாகமாகவும் மாறியவைதான் அதிகம். இந்தத் தியேட்டர்களுக்கும் லாட வடிவ ஆப்பரா மாளிகைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: டிக்கெட் விலைக்கேற்பப் பிரிந்த இடங்கள். திரைக்கு மூக்கை ஒட்டினாற்போலத் தரை, அதன் பின்னே பெஞ்சு, அதற்கும் பின்னே நாற்காலி, மேலே பால்கனி. பல ஊர்களில் தரை டிக்கெட்டுக்கு வாசலும் கவுன்டரும் தனி, பெண்களுக்குப் பகுதி தனி. பால்கனிக்குப் போகிற படிக்கட்டில் மொசைக்கும் பித்தளைக் கைப்பிடியும் இருக்கும். தரைக்குப் போகிற சந்தில் சிமென்ட்டும் இரும்புக் கம்பியும்தான். பூட்டிய தியேட்டருக்குள் கேமராவோடு போகிறவர் திரையையும் கூரையையும் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பதிவாகியிருக்கும். கை நுழைகிற அளவே ஓட்டை விட்ட அந்தத் தரை டிக்கெட் கவுன்டர், வரிசையை நெறிப்படுத்திய கம்பிக் கூண்டு, புரொஜக்டர் அறையின் சதுரத் துளைகள், சுவரில் இன்னும் அழியாமல் இருக்கும் கட்டண விவரப் பலகை ஆகியவையும் அதே அளவு கவனத்தோடு, நேர்க்கோடு பிசகாமல் எடுக்க வேண்டியவை.